கட்டைச் சத்தம்

ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறு தின்றுவிட்டுத் தறியில் உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக டக டக என்று மரத்தில் மரம் மோதும் சத்தம்.

மருதமுனையில் எங்கள் தெருவில் இதை யார் காதில் வாங்குவார்? வீட்டுக்கு வீடு தறி. பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். அது நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும்.

"ஸமட் காக்காக்கு இண்டைக்கு என்ன அவசரமாம்?" என்று என் பெண்சாதி றாஹிலாவிடம் கேட்டேன். பக்கத்து வீட்டு அப்துல் ஸமட் காலையில் புதுப் பாவு ஏற்றியிருந்தார். எப்போதும் என்னை முந்தப் பார்க்கிற மனிதர். நானும் விடவில்லை, என் தறியை வேகமாக மிதித்தேன்.

றாஹிலா வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கம்மா இன்னும் வரவில்லை.

அங்கம்மா பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். போன வருடக் கலவரத்தில் குடியிருந்த லயத்தோடு சேர்த்து அவள் புருஷனையும் எரித்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு தப்பி வந்தவளுக்கும், அவளைப் போல வந்த மற்றவர்களுக்கும், கிறிஸ்தவக் கோயில் பாதிரியார் கோயிலின் தென்னந்தோப்பில் கிடுகுக் கொட்டில் போட்டுக் கொடுத்தார். அவள் பகலில் எங்கள் வீட்டுக்கு நூல் சுற்ற வருவாள். அந்தப் பிள்ளை என் தறியடியில்தான் தவழப் பழகியது. எங்களுக்குப் பிள்ளையில்லை.

மலைநாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது, வந்தவர்கள் திரும்பிப் போகவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. அதைச் செய்து முடிக்கிற பொறுப்பு எங்கள் பகுதித் தலைவருக்கு. எரித்தவன் இன்னும் அதே சந்தியில் கடை வைத்திருக்கிறான், போனால் பிள்ளையும் மிஞ்சாது என்று அங்கம்மா அவர் காலில் விழுந்து சொன்னாள்.

தலைவரும் அந்தக் கோயில்காரர்தான். ஞாயிறு தவறாமல் முன்வரிசை வாங்கில் முழந்தாளிடுவார். பச்சைக் குழந்தையோடு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைக் கும்பிடுகிறவர்கள் அல்லவா நாம் என்று பாதிரியார் கேட்டதற்கு, விசுவாசம் வேறு நிர்வாகம் வேறு என்றாராம்.

மாசி மாதம் முதல் தடவை லொறி வந்தது. உடனே கோயில் மணி விடாமல் அடித்தது. மணி அப்படி அடித்தால் தறியை விட்டு எழும்பி வரவேண்டும் என்று பாதிரியாருக்கும் எங்களுக்கும் பேச்சு. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முழுத் தெருவும் ஓடிப்போய் லொறிக்கு முன்னால் உட்கார்ந்தது. தலைவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். எங்களைப் பார்க்கவில்லை. மேலே மணியைப் பார்த்தார். சிரித்துவிட்டு, லொறியைத் திருப்பச் சொன்னார்.

அன்றைக்கு எங்களுக்கு வந்த பெருமை கொஞ்சமில்லை.

டக டக டக. சத்தம் இன்னும் நிற்கவில்லை.

"இஞ்ச பாருங்க," என்றாள் றாஹிலா. "ஸமட் காக்கா இந்தா வேலியடியில நிக்காரு."

நின்றார். பள்ளிவாசலுக்குப் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. சத்தம் என் தறியில்தான் என்று நினைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காலை எடுத்தேன். என் தறி நின்றது. சத்தம் நிற்கவில்லை.

ஓடினோம்.

கொட்டில்கள் திறந்து கிடந்தன. அங்கம்மாவின் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மணலில் லொறிச் சில்லுகளின் தடம் பெரிய றோட்டுக்கு ஏறியிருந்தது.

கோயில் வாசலில் மணி அடிக்கிற வஸ்தியான் அண்ணன் ஆட்டினால் மரத்தில் மரம் மோதும் ஒரு கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டே நின்றார். விரல்கள் உரிந்து இரத்தம். பக்கத்திலேயே மணிக்கயிறு சும்மா தொங்கியது.

ஏன் மணியை அடிக்கவில்லை என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"இண்டைக்குப் பெரிய வெள்ளி, தம்பி," என்று அழுதார். "வியாழன் பின்னேரம் நிப்பாட்டினா, ஆண்டவர் உயிர்க்கிற வரைக்கும் மணியத் தொடக் கூடாது. மணிக்குப் பதிலாக் கட்டைதான்."

கோயிலுக்குள்ளே இருந்தவர்களுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. அது வழிபாட்டுக் கட்டை என்று நினைத்து இன்னும் குனிந்து மன்றாடியிருக்கிறார்கள், பாதிரியார் உட்பட.

பிறந்த நாளிலிருந்து அந்த மணியைக் கேட்டு வளர்ந்தவன் நான். வருடத்தில் அது ஊமையாகிற நாள் ஒன்று உண்டென்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தொழுகைக்குப் பாங்கு சொல்லாத நாளை நினைத்துப் பார்க்காதவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அங்கம்மாவையும் பிள்ளையையும் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் பாதி சுற்றிய நூல் ராட்டில் அப்படியே இருக்கிறது. றாஹிலா அதை யாரையும் தொட விடுவதில்லை.

அன்றைக்கு வழிபாடு முடிந்து சனம் வெளியே வந்தது. தலைவரும் வந்தார், வெறுங்காலோடு. சிலுவையை முத்தமிட்டு அழுதிருக்கிறார், கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. இத்தனை காலமாக என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

கொட்டில்களின் பக்கம் அவர் திரும்பவில்லை. மேலே மணியைப் பார்த்தார். பிறகு வஸ்தியானின் கையிலிருந்து கட்டையை வாங்கி, மெதுவாக ஒருதரம் ஆட்டினார்.

"நாம சின்ன வயசில மாறி மாறி அடிச்ச கட்டைதானே, வஸ்தி," என்றார். "தறிச் சத்தம் மாதிரியே இருக்கெண்டு அப்பவே நீ சொல்லுவாய்."