மூக்கா, வயிறா?

“நாலாவது தடவை!” நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். மூக்கு வழியாக வயிறு வரைக்கும் விட்டிருந்த டியூப், கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. அப்பா தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. பக்கவாதம் வந்து மூன்று வாரம். வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் போய்விட்டது. சேர்த்த மறுநாள் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துச் சோதித்தார்கள். புரையேறி, மூச்சு முட்டி, அப்பப்பா! அன்றோடு வாய் வழியாகச் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று கட்டிலில் அட்டை மாட்டிவிட்டார்கள்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். கோடு போட்டுப் பிரிக்காமல் அவளுக்கு யோசனையே ஓடாது. நோட்டில் மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தாள். மூக்கு வழி: சுலபம், ஆனால் பிடுங்கிப் போட்டுவிடுகிறார். கேமரா வழி: வாய்க்குள் கேமராவை விட்டு, வயிற்றில் சின்னத் துளை போட்டு டியூப் வைப்பது, அரை மணி நேரம்தான், ஆனால் மயக்க மருந்து உண்டு. ஆபரேஷன்: வயிற்றைத் திறக்க வேண்டும்.

“ரெண்டாவதுதான் சரி,” என்றார் நோட்டைப் பார்த்த டாக்டர். “ஆனா அவர் இதயம் வீக். லேசான மயக்கம்தான், இருந்தாலும் என்னால உத்தரவாதம் தர முடியாது. நீங்கதான் முடிவு பண்ணணும்.”

“அது வந்து டாக்டர்...” என்று அம்மா இழுத்தாள். “எதுவுமே வைக்காம விட்டுட்டா?”

மகளுக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. “விட்டுட்டா? பட்டினி போட்டுச் சாகடிக்கச் சொல்றியா? நீ சும்மா இரும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது!”

கேமரா வழிக்கான சம்மதப் படிவத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை அப்பாவை நாற்காலித் தராசில் உட்காரவைத்து எடை பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். “டியூப் பாதி நேரம் வெளியிலதான் கிடக்கு. எடை மட்டும் ஒரு கிலோ ஏறியிருக்காம்! இந்த மெஷினை முதல்ல தூக்கிக் கடாசணும்.”

அதைக் கேட்கிற நிலையிலா மகள் இருந்தாள்? அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டே டியூப் வைக்கும் அறையின் கதவு வரை போனாள். ஒருவேளை இதுதான் கடைசியோ என்று நினைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

அரை மணி என்றார்கள். பத்தே நிமிடத்தில் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இழுத்தபடி வெளியே வந்தார்.

“டாக்டர், அப்பா...?”

“இருக்கார். நல்ல வேளை, பாதியில நிறுத்திட்டேன்,” டாக்டர் கொதித்தார். “வயிறெல்லாம் ரொட்டி! வெறும் வயித்தோட அனுப்பணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? யார் கொடுத்தது?”

மகள் மெதுவாகத் திரும்பினாள்.

“நான்தான்,” என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி. “காலைல பால்ல நனைச்சு... கையை நீட்டிக் கேட்டாரு. மனசு கேக்கல.”

“அய்யோ, கொல்லப் பாத்தியேம்மா!” மகள் அலறியதில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. “அவரால முழுங்க முடியாதும்மா!”

“பத்து நாளா முழுங்குறாருடி.”