எதிர்த்து நிற்க ஓர் ஆள்

"லூசில், நீ என்னை எதிர்த்துத் தேர்தல்ல நிக்கணும்மா. சும்மா பேருக்கு."

ஆணிகளை எடை போட்டுக்கொண்டிருந்த லூசில் நிமிரவில்லை. மெய்ன் மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் ஒரே ஹார்ட்வேர் கடை அவளுடையது. எதிரே நின்ற ஹார்லன் பிக்ஃபோர்ட், மூன்று முறையாகப் போட்டியே இல்லாமல் ஜெயித்துவரும் சட்டசபை மெம்பர். தன்னை எதிர்க்க ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை என்பது அவர் கணக்கு.

"போட்டி இல்லேன்னா நல்லதுதானே, மெம்பரே?"

"எங்க நல்லது? நம்ம மாநிலத்துல பிரசாரச் செலவுக்கு அரசாங்கமே பணம் தருது, ஆனா எதிராளி இல்லேன்னா சில்லறைதான். நெடுஞ்சாலையில என் படம் போட்டுப் பெரிய போர்டு வைக்கணும்னு எத்தனை நாள் ஆசை."

"எதிராளியே இல்லாதவருக்குப் போர்டு எதுக்கு?"

"ஜனங்க முகத்தை மறந்துடக் கூடாதில்ல. நான் அவங்களுக்குச் செய்யாததா? ஏப்ரல்ல சர்ச் விருந்துல ஆளாளுக்குத் தாளை நீட்டினாங்க. எதையாவது படிச்சுப் பார்த்தேனா? கையெழுத்து, அஞ்சு டாலர், ஒரு போட்டோ. அடுத்த ஆள்."

"சலூன்காரரைக் கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டேன். தப்பித்தவறி ஜெயிச்சுட்டா கடையை யார் பார்க்கறதுங்கறான். கொழுப்பைப் பாரு."

"அதனால நானா?"

"உனக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டாங்க. அதான் வேணும். பேச வேண்டாம், வீடு வீடா அலைய வேண்டாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மனு மட்டும் போய்ச் சேரணும்."

"எனக்கும் அரசாங்கப் பணம் வருமா?"

ஹார்லன் சிரித்தார். "அது லேசுல வராதும்மா. இவங்களுக்குப் பணம் கொடுக்கலாம்னு இந்தத் தொகுதி ஆளுங்க அறுபது பேர் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு அஞ்சு டாலர் கட்டணும். உனக்கு எந்தப் பைத்தியக்காரன் கட்டுவான்?"

லூசில் கல்லாவுக்கு அடியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அவர் முன் வைத்தாள். ஒன்று, அன்று காலையில் முத்திரை குத்தி வாங்கிய வேட்புமனு நகல். இன்னொன்றில் வரிசையாகக் கையெழுத்துகள். கடைசியில், சர்ச் விருந்துத் தேதியிட்டு, வால் சுழித்து வளைந்திருந்தது ஹார்லனுடையதேதான்.

"ஐம்பத்தொன்பதுலயே நின்னுபோய்த் தவிச்சுக்கிட்டிருந்தேன், நல்லவேளை விருந்துக்கு வந்தீங்க" என்றாள் லூசில். "தயவுசெஞ்சு இப்ப பின்வாங்கிடாதீங்க மெம்பரே, அப்புறம் எனக்கும் சில்லறைதான் வரும்."