ஒட்டாத சிலிக்கான்

“ஏனுங்க வஹீது பாய், வேலையா செஞ்சீங்க? மழை ஒழுகி நூலெல்லாம் நனைஞ்சுபோச்சு!”

கூரையின் பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்து உரிந்து தொங்கிய சிலிக்கான் பசையைக் காட்டிக் கத்தினார் தறிக்கூட முதலாளி நாச்சிமுத்து.

அந்தக் கூரையைப் போட்டுக்கொடுத்த வஹீது ஏறிப் பார்த்தார். கீறல் விழாமலிருக்க ஷீட்டோடு ஒட்டி வரும் மெல்லிய மேலுறையை உரிக்காமல், அதன் மேலேயே பசை பூசப்பட்டிருந்தது.

“என் தப்புங்க. உறையை உரிச்சுட்டுத்தான் பூசோணும். மறந்துபோட்டேன்.”

“இருவது வருசமா என்னத்தப் பூசுனீங்க? சரிபண்ணிட்டுப் போங்க. இனி இந்தப் பக்கம் வந்துராதீங்க!”

உறையை உரித்து, துடைத்து, மறுபடி பூசிவிட்டு வஹீது போனார்.

“பாத்தியா? சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது” என்றார் நாச்சிமுத்து, மனைவி மயிலாத்தாளிடம்.

அவள் தயங்கிச் சொன்னாள்.

“அன்னிக்கே அவரு உரிக்கத்தானுங்க போனாரு. புது ஷீட்டுல கீறல் விழுந்தா நீங்க கத்துவீங்கன்னு, வேண்டாம்னு கெஞ்சுனது நானுங்க.”