நேரில் அறிவேன்

டப்... டப்... டப்...

படியேறி வருகிறவர்களுக்கு முதலில் அந்தச் சத்தம்தான் கேட்கும். அப்புறம்தான் ஆள் தெரிவார். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் உதவியாளர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

குத்தியதெல்லாம் வெற்றுத் தாள். மேலே உறுப்பினரின் பெயர் அச்சடித்திருக்கும், கீழே அவர் கையெழுத்து இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. சட்டமன்றம் நடக்கிற நாட்களில் ஊரில் இருக்க முடியாதென்று டீச்சர் நாற்பது தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார். வருகிறவர்கள் குறையைக் கேட்டு நடுவில் நிரப்புவது உதவியாளர் வேலை.

டீச்சர் என்றால் உறுப்பினர்தான். இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஜெயித்த பிறகும் தொகுதியில் யார் வாயிலும் வேறு பெயர் வரவில்லை.

"ஆரம்பிச்சாச்சா?" என்று மூலையில் சட்டமன்றம் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியைப் பார்த்தபடி பக்கத்து சலூன்காரர் கத்தரியும் கையுமாக நுழைந்தார். பின்னாலேயே பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர்.

"அண்ணே, என் தலை..."

"தலை எங்கேயும் ஓடிடாது. டீச்சர் அமைச்சரைப் பெஞ்சு மேல ஏத்தப் போறாங்க. அதைப் பாருய்யா."

சுவரோரப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாலு மாதமாக அவளுக்கு அதுதான் இடம். அவள் புருஷன் சாயப்பட்டறைத் தொட்டியைக் கழுவ இறங்கினான். விஷவாயு. மேலே தூக்கியபோது உயிர் இல்லை. இப்போது அதே தொட்டியில் அவளுடைய தம்பி இறங்குகிறான்.

"தொட்டியை மூடச் சொல்லிடுவாங்களா அண்ணே?" என்று உதவியாளரைக் கேட்டாள்.

"டீச்சர் கேட்டா பதில் சொல்லித்தாம்மா ஆகணும்."

தொலைக்காட்சியில் டீச்சர் எழுந்தார். "சாயப்பட்டறைத் தொட்டியில் தொழிலாளி ஒருவர் இறந்ததை அரசு அறியுமா? அறியுமெனில், அந்தத் தொட்டியை மூட எடுத்த நடவடிக்கை என்ன?"

அமைச்சர் தாளைப் பார்த்துப் படித்தார். "அப்படி யாரும் இறக்கவில்லை. ஆகவே இரண்டாவது கேள்வி எழவில்லை."

"எழவில்லையாம்! எப்படிக் கூசாம சொல்றான் பாரு!" சலூன்காரர் கத்தரியை ஆட்டினார். "விடாதீங்க டீச்சர்!"

டீச்சர் விடவில்லை. "தூக்கியவர்கள் எட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். தொட்டியில் இறக்கவில்லை என்றால், அவர் எப்படி இறந்தார்?"

அமைச்சர் சிரித்தார். இன்னொரு தாளை எடுத்தார்.

"அதை மாண்புமிகு உறுப்பினரே மருத்துவமனைக்கு எழுதித் தந்திருக்கிறாரே! 'மேற்படி நபர் நெஞ்சுவலியால் இயற்கையாக இறந்தார் என்பதை நேரில் அறிவேன். பிரேதப் பரிசோதனை இன்றி உடலை ஒப்படைக்கவும்.' கையெழுத்து தன்னுடையதா இல்லையா, அவரே சொல்லட்டும்."

அவை ஓவென்று இரைந்தது.

உதவியாளர் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. 'நேரில் அறிவேன்.' அவர் எழுதுகிற வாசகம். வீடு இல்லாதவருக்கும் வேலை கேட்பவருக்கும் அதையே போட்டுத்தான் அவர் நடுவை நிரப்புவார்.

'உதவியாளர் எழுதினதுன்னு சொல்லிடுங்க டீச்சர்' என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அவைக் காவலர் கொண்டுவந்த தாளை டீச்சர் வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"கையெழுத்து என்னுடையதுதான்."

உட்கார்ந்துவிட்டார்.

"பட்டறைக்காரன்கிட்ட விலை போயிட்டு, அங்க போய் நாடகமா? சீ!" சலூன்காரர் திரும்பினார். "வாய்யா, உன் தலையையாவது ஒழுங்கா முடிப்போம்."

அந்தப் பெண் கத்தவில்லை. "அப்ப அவர் தொட்டியில சாகலையாமா அண்ணே?" என்று கேட்டாள். கொஞ்சம் கழித்து, "தம்பி இந்நேரம் இறங்கியிருப்பான்" என்றாள்.

உள்ளறையில் தொலைபேசி அடித்தது. உதவியாளர் ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தார்.

"நீங்க எழுதினதுதானே?" டீச்சர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"ஆமா டீச்சர். பரிசோதனை பண்ற டாக்டர் ரெண்டு நாளைக்கு வரமாட்டார், அதுவரைக்கும் உடம்பு கிடைக்காதுன்னுட்டாங்க. பிள்ளைங்க அப்பன் முகத்தைப் பாக்கணும், எப்படியாவது வாங்கிக் குடுங்கண்ணேன்னு அவ என் காலைப் பிடிச்சுக்கிட்டா. நானே எழுதி நானே கொண்டு போய்க் குடுத்தேன். கடிதம் குடுத்ததே அவளுக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில பேசி வாங்கினேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. இதோ, இப்பவே வெளியே போய்த் தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம்."

"டீச்சர்..."

"ஏன் எழுதினீங்கன்னு கேப்பா. நீ கேட்டதாலதான்னு சொல்லுவீங்களா? தம்பி ஒவ்வொரு நாளும் அதுல இறங்கறப்போ, தான் அழுததாலதான் தொட்டி மூடலைன்னு நினைச்சுக்கிட்டு அவ எப்படி இருப்பா? என்னையே திட்டட்டும். எனக்குப் பழகிடும்."

வைத்துவிட்டார்.

கதவைத் திறந்தபோது அந்தப் பெண் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள்.

"உங்க டீச்சரா? என்னவாம்?"

உதவியாளர் வாயைத் திறந்தார். தன்னைக் காப்பாற்றுவதும் அந்த 'வேண்டாம்'தான் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"ஒண்ணுமில்லம்மா."

"நல்லா இருக்கட்டும். என் வயிறு எரியற மாதிரி அவ வயிறும் எரியட்டும்." படியிறங்கிப் போய்விட்டாள்.

அவளுக்கு வழிவிட்டு நின்ற ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "ஐயா, அவசரமா ஒரு கடிதம் வேணும்..."

"உட்காருங்க."

மேசையில் இன்னும் பதினொரு தாள் மிச்சம் இருந்தது. உதவியாளர் மை அட்டையை இழுத்து வைத்துக்கொண்டார்.

டப்.