மூடி போட்ட வாளி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பூங்காவின் காவலாளி நான். என் இரண்டு கண்ணாலும் பார்த்தது. இடது கண்ணில் புரை, அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

பூங்காக் குளத்தை மூடிவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ண வேண்டுமென்று அதிகாரி துடித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்காரப் பொண்ணு ஒருத்தி குறுக்கே நின்றாள்.

"நாற்பது நாள் கொடுங்க சார். புல்லை வெட்டாம விட்டா பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும். குளம் தானாப் பிழைச்சுக்கும்."

"நாற்பதாவது நாள் வர்றேன். தவளைச் சத்தம் கேட்கலைன்னா மண் லாரிதான்."

கம்ப்யூட்டரில் வட்டம் வட்டமாகப் போட்டு, எல்லாவற்றையும் கோட்டால் இணைத்திருந்தாள். தண்ணீர், புல், கொசு, தவளை, நாய், நடக்க வருகிற தொப்பைக்காரர்கள் வரை. "ஒண்ணை அசைச்சா எல்லாமே அசையும்" என்றாள்.

தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பூனை விளையாடின நூல்கண்டு மாதிரி இருக்கு. இதைப் பார்த்துட்டா தவளை வரப்போகுது? புல்லு வெட்டாம சும்மா உட்கார்ந்திருக்கேன்னு ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது!"

முப்பத்தெட்டு நாள் ஓடியது. முழங்கால் உயரம் புல் வந்தது. பூச்சி வந்தது. தவளை மட்டும் வரவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக, தோட்டக்காரர் மூடி போட்ட வாளியோடு பின்வாசல் வழியாக நுழைந்தார். வாளி கத்தியது. ஒரு நடை இல்லை, ஏழு நடை!

மறுநாள் அதிகாரியால் போன்கூடப் பேச முடியவில்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் 'குளம் இருக்கட்டும்' என்று கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் பொறுக்குமா? அந்தத் தோட்டக்காரர் வாயைத் திறந்தால் கேலி, விடிந்தால் கள்ளத்தனம்! நேரே அந்தப் பொண்ணிடம் போனேன்.

"உன் கணக்கு ஜெயிக்கலைம்மா. அந்த மனுஷன் வாளியில கொண்டாந்து விட்டுட்டாரு."

அவள் சிரித்தாள்.

"கொண்டாந்து விடலாம் தாத்தா, தங்க வைக்க முடியுமா? அதைப் புல்லும் பூச்சியும்தான் செய்யுது. புல்லை வெட்டியிருந்தா அன்னிக்கே ஓடியிருக்கும்."

பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். மூலையில் ஒரு வட்டம், முதல் நாள் தேதியோடு: 'தோட்டக்காரர்: திட்டுவார், ஆனால் கைவிடமாட்டார்.'

அதை ஒட்டி இன்னொன்று: 'காவலாளி: பார்ப்பார். என்னைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டார்.'

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன், நான் சொன்னதாக வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள். பாவம், அந்தப் பொண்ணோட கணக்கு தப்பாகிவிடும்.