ஒரு டம்ளர் உப்பு

மூன்றாவது நாளாக இன்னாசி கையில் டம்ளரோடு பக்கத்து வீட்டு ஜானட்டிடம் உப்பு கேட்டுப் போவதை எதிர்ச்சாரியில் இருந்த அடைக்கலமேரி பார்த்துவிட்டாள்.

இன்னாசி கருவாட்டு வியாபாரி. அவன் வாசலிலேயே இரண்டு மூட்டை உப்பு கிடக்கிறது. பெண்டாட்டி செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஜானட்டுக்கு முப்பது வயதுகூட இல்லை. இதற்கு மேல் அடைக்கலமேரிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த வாரம் அவளுக்கு வேறொரு தலைவலி இருந்தது.

மகள் சாண்ட்ரா ப்ளஸ் ஒன் படிக்கிறாள். புதிதாக வந்த தமிழ் டீச்சர் ரமாபாய், வகுப்பு முழுவதும் ஒரு பழைய நாவலைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எழுபது வருஷத்துக்கு முந்தைய கதை, பெரிய பேர் வாங்கினதாம். ஒருத்தன் பெண்டாட்டியை அடிக்கிறான், தெருவே கேட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து சாண்ட்ரா சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலமானால் டி.வி. சத்தத்தைக் கூட்டவிடாமல் அம்மாவோடு சண்டை வேறு.

அடைக்கலமேரி சும்மா இருக்கிறவளா? ராயபுரத்தில் அந்தத் தெருவின் ஜெபக்குழுவான அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. வாராவாரம் ஆறு குடும்பங்கள் அவள் வீட்டில் ஜெபத்துக்குக் கூடும். ஜானட்டை மட்டும் அவள் புருஷன் வில்சன் அனுப்பமாட்டான். பள்ளிக்கு ஒரு மனு எழுதினாள். புத்தகத்தை நிறுத்த வேண்டும், டீச்சரையும் நிறுத்த வேண்டும். ரமாபாய் தற்காலிக டீச்சர்தான். ஆறு குடும்பமும் கையெழுத்துப் போட்டால் அவள் வேலை போய்விடும்.

படிக்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று யாரோ கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். போன வருஷம் பைபிளைக் கையால் எழுதியபோது வீட்டுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டார்கள் அல்லவா, அதையே இதற்கும் செய்தார்கள். சாண்ட்ராவின் ஜெராக்ஸ் பிரதியைப் பிரித்து, வீட்டுக்கு நாற்பது பக்கம். சனிக்கிழமைக்குள் படித்துவிட வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடினார்கள். முதல் பங்கு படித்த சிலுவைமுத்து, இதைப் போய்த் தடை பண்ணுவதா என்று கேட்டார்.

"புருசங்காரன் டெய்லி மல்லிப்பூ வாங்கினு வர்றான். இதுல இன்னா தப்பு கீது?"

மூன்றாம் பங்கு படித்த இருதயம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் மனுஷனே இல்லை, படுபாவி என்றாள். நான்காம் பங்கில் அந்தப் புருஷன் அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறானாம். அதைப் படித்த சாவியோ என்ற பையன், பாவம் அவன் திருந்திவிட்டான் என்று பரிந்துகொண்டு வந்தான். எல்லாரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்றே சந்தேகமாக இருந்தது. எவன் நல்லவன், எவன் கெட்டவன், மனு எதற்கு என்று அரைமணி நேரம் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள்.

அடைக்கலமேரி படித்தது ஐந்தாம் பங்கு. அதில் ஒரே ஒருத்தியைத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. அடி விழும்போதெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிற எதிர்வீட்டுக்காரி.

"அவ ஒருத்திதான் கௌரவமான பொம்பள. அடுத்த வூட்டு விசயத்துல மூக்க நுழைக்கல," என்றாள்.

கடைசிப் பங்கு இன்னாசியுடையது. செவ்வாய்க்கிழமையே படித்து முடித்துவிட்டானாம். ஆனால் கையெழுத்துப் போடமாட்டானாம்.

அடைக்கலமேரிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள்.

"இன்னாண்ணே, வாசல்ல ரெண்டு மூட்ட உப்ப வச்சிகினு, ஜானட் வூட்டுல போயி இன்னாத்துக்கு டெய்லி உப்பு கேக்குற?"

யாரும் இன்னாசியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் முகம் சுண்டிப்போனது. மடியில் இருந்த தாள்களை அடுக்கினான்.

அந்த நேரம் பார்த்து ஜானட் வீட்டில் பாத்திரம் உருண்டது. ட்ரெய்லர் லாரி ஓட்டப் போன வில்சன் வீடு திரும்பிவிட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்தாற்போல ஜானட் அலறுவது கேட்டது. அடைக்கலமேரியின் கை பழக்கதோஷத்தில் டி.வி. ரிமோட்டைத் தேடியது. சாண்ட்ரா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னாசி எழுந்து, தன் பங்குத் தாள்களை அடைக்கலமேரியிடம் நீட்டினான்.

"கடைசிப் பக்கத்த மட்டும் படிம்மா," என்று சொல்லிவிட்டு, மஞ்சள் பையிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கடைசிப் பக்கத்தில் அந்த ரேடியோக்காரி, செத்துக் கிடந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு கை உப்பு கேட்கிற சாக்கிலாவது கதவைத் தட்டியிருக்கலாமே, தட்டியிருந்தால் அவன் கை நின்றிருக்குமே என்று.

எதிரே இன்னாசி கதவைத் தட்டுவது கேட்டது. உள்ளே சத்தம் நின்றது.

அந்தப் புத்தகம் நல்லதா கெட்டதா என்று அடைக்கலமேரிக்கு இன்னமும் விளங்கவில்லை. ரமாபாய் செய்தது சரியா என்றும் தெரியவில்லை. வெட்கமாக மட்டும் இருந்தது. மனுவை எடுத்து, கிழித்துப் போடச் சொல்லிச் சாண்ட்ரா கையில் கொடுத்தாள். அடுக்களைக்குப் போய், நிறைய இருந்த சர்க்கரை டப்பாவை நகர்த்திவிட்டுப் பின்னாலிருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா போற?" என்றாள் சாண்ட்ரா.

"சக்கர தீந்துபோச்சுடி."