அச்சு விலகிய காசு

"இதைவிடப் பெரிய தப்பு ஏதாவது இருக்குங்களா, ஐயா?"

மேஜைக்கு எதிரே நின்றவர் இப்படிக் கேட்டதும் பூதக்கண்ணாடி நிமிர்ந்து பார்த்தார்.

பூதக்கண்ணாடி என்பது நாணயக் கண்காட்சிகளில் அவருக்கு வழங்கும் பெயர். கழுத்தில் எந்நேரமும் ஒரு லென்ஸ் தொங்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

நூலகத்து மாடி ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற சின்னக் கண்காட்சி அது. ஒரு மேஜையில் ஓட்டைக் காசு, அடுத்ததில் செல்லாத நோட்டு, மூலையில் பழைய பஸ் டோக்கனும் துருப்பிடித்த பதக்கமும். பூதக்கண்ணாடியிடம் மட்டும் தப்புக் காசுகள். அரசாங்க நாணயச் சாலையில் அடிக்கும்போதே பிசகிப்போனவை. எழுத்து இரண்டு முறை விழுந்தது, ஒரு பக்கம் மொட்டையாகவே வந்தது என்று விதவிதமாக இருக்கும். ஒழுங்கான காசைச் சீண்ட ஆளில்லை. கெட்டுப்போனதற்குத்தான் கிராக்கி.

வந்தவர் கையில் எடுத்தது அச்சு விலகிய காசு. படம் நடுவில் விழாமல் ஓரமாக நழுவி, பாதிக் காசு வெறுமையாகக் கிடந்தது. அதைப் போய்க் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"ஐயையோ, முகத்துல கை வைக்காதீங்க! ஓரத்தைப் பிடிங்க சார், ஓரத்தை!"

"மன்னிச்சுக்கங்க. எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. இருக்கிறதுலயே பெரிய தப்பு இதுதானே?"

"இதைவிட விலகினா காசே இல்லை சார், வெறும் தகடு."

அதற்குள் வந்தவரின் போன் அடித்தது. காதில் வைத்தார்.

"சொல்லும்மா... அழுது என்ன பிரயோஜனம்? பெட்டி முழுக்க பட்டன். ஒண்ணுலகூட ஓட்டை நடுவுல விழலை. மெஷினைச் சரிபார்க்காம ஓட்டினது யார் தப்பு?"

அந்தப் பக்கம் விசும்பல் பூதக்கண்ணாடிக்கே கேட்டது.

"குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி தூங்கலை, எல்லாம் தெரியும். அதுக்காக? நாளைக்கு நீ வரக் கூடாது. நான் கூப்பிடற வரைக்கும் தொழிற்சாலை வாசல்ல தலைகாட்டாதே. வச்சிடு."

போனைப் பையில் போட்டுவிட்டு மறுபடி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த முறை மிகப் பதவிசாக ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

மனைவி பூதக்கண்ணாடியின் தொடையில் கிள்ளினாள்.

"கேட்டீங்களா? கைக்குழந்தைக்காரி வயித்துல அடிச்சுட்டு இங்க வந்து காசைக் கொஞ்சிக்கிட்டு நிக்கிறார். நெஞ்சா அது, கருங்கல்லா?"

பூதக்கண்ணாடிக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் யாரென்றே தெரியாது. ஆனாலும் அந்த விசும்பல் காதை விட்டுப் போகவில்லை.

"என்ன விலைங்க, ஐயா?"

வழக்கமாக எண்ணூறு சொல்வார். அறுநூறுக்குக் கொடுப்பார். இன்று வாய் வேறு பேசியது.

"ஆயிரத்தைந்நூறு."

"அவ்வளவா? கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்களேன்."

"குறைக்கிற பேச்சே கிடையாது சார். தப்பு பெரிசு."

வந்தவர் முகம் சுருங்கிப்போனது. பர்ஸைக் கவிழ்த்தார், சட்டைப்பையைத் துழாவினார், கடைசியில் பேன்ட் பையிலிருந்த கசங்கிய நோட்டுகளையும் நீவி எடுத்து வைத்தார். மனைவி அத்தனையையும் அள்ளிக் கல்லாவில் போட்டாள். போட்ட வேகத்தில் பெட்டி அதிர்ந்தது.

காசைச் சின்ன அட்டை உறைக்குள் வைத்துக் கொடுக்கும்போது பூதக்கண்ணாடியால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"நாட்டுக்கே காசு அடிக்கிற இடத்துல நடந்த தப்பை இவ்வளவு ஆசையா விலை குடுத்து வாங்கறோம். பட்டனுக்கு ஓட்டை போடற ஒரு பொண்ணு, குழந்தைக்குக் காய்ச்சல்னு கண்ணு சொருகிப்போய் ஒரு தடவை தப்பு பண்ணிட்டா. அதை மட்டும் மன்னிக்க மனசு வரலையா?"

வந்தவர் வாங்கிய உறையை மறுபடி மேஜைமேல் வைத்தார். பூதக்கண்ணாடிக்கு உள்ளூரத் திருப்தி. சரியான இடத்தில் குத்தியாகிவிட்டது.

"அந்தப் பொண்ணை நிறுத்தினது நான் இல்லைங்க, ஐயா" என்றார் அவர் மெதுவாக. "எங்க முதலாளி. நான் மேற்பார்வை பார்க்கிறவன். அவர் இருக்கிற கோபத்துல இவ எதிர்ல போய் நின்னா காரியம் கெட்டுடும். அதான் வராதேன்னு அதட்டி வச்சிருக்கேன்."

"அப்போ இந்தக் காசு...?"

"அவருக்குத்தான். தப்புக் காசுன்னா அவருக்கு உயிர். அலமாரி நிறைய சேர்த்து வச்சிருக்கார். நாளைக்குக் காலையில இதை அவர் கையில குடுத்து, அவர் வாயெல்லாம் பல்லா ரசிச்சுக்கிட்டிருக்கிறப்போ அவளுக்காகக் கேக்கலாம்னு வந்தேன். எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியாம தவிச்சேன். நீங்க நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டீங்க. இப்போ சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்களேன், மனப்பாடம் பண்ணிக்கறேன்."

மனைவி எங்கேயோ பார்த்துக்கொண்டு கல்லாப் பெட்டியைக் கணவர் பக்கம் நகர்த்தினாள்.

பூதக்கண்ணாடி கசங்கிய நோட்டுகளைப் பொறுக்கி எடுத்து அவர் கையில் திணித்தார்.

"சொல்றேன் சார், முதல்ல இதைப் பிடிங்க. விலை சொன்னதுல என்கிட்டயும் ஒரு தப்பு நடந்துபோச்சு."